மாடு நடந்த வழியும் டியூப் லெவலும்

கேள்வி இதுதான். வள்ளியூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்து இரண்டாம் வருடம் நடக்கிறது. பயிற்சிக்குப் போனால், ‘மற்ற பாட ஆசிரியர்களோடு சேர்ந்து திட்டமிடுங்கள், பாடங்களை இணைத்து நடத்துங்கள்’ என்கிறார்கள். திரும்பி வந்து ஸ்டாஃப் ரூமில் சொன்னால் சிரிக்கிறார்கள். போர்ஷனும் முடிய வேண்டும். ஆங்கில ஆசிரியர் ‘எனக்கு இதெல்லாம் வேண்டாம்’ என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். இது நடக்கிற காரியம்தானா, நடக்கும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

நடக்கும், டீச்சர். ஆனால் பயிற்சியில் சொன்ன மாதிரி நடக்காது. நான் சேரன்மகாதேவி சுற்றுவட்டாரப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இதில் முதல் பத்து வருடம் பக்கத்து வகுப்பில் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆரம்பித்த பிறகும் இரண்டு தடவை நன்றாகச் சறுக்கினேன். முதலில் அந்தச் சறுக்கலைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கால் வைப்பீர்கள்.

ஒரு வருடம் ‘தண்ணீர்’ என்று தலைப்பு வைத்து எல்லாப் பாட ஆசிரியர்களையும் சேர்த்தோம். தமிழில் தண்ணீர் பற்றி ஒரு கவிதை, ஆங்கிலத்தில் பத்து வரிக் கட்டுரை, கணக்கில் தொட்டியின் கொள்ளளவு, அறிவியலில் நீர்ச் சுழற்சி, சமூக அறிவியலில் இந்திய நதிகள், ஓவியத்தில் ஒரு மழைக்காட்சி. ஹாலில் ஏழு சார்ட் தொங்கியது. அதிகாரி வந்து பார்த்தார், பாராட்டினார், போட்டோ எடுத்தோம். மறுநாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், “நம்ம ஊர்க் குளத்துக்குத் தண்ணி எங்கேயிருந்துல வருது?” என்று கேட்டேன். “மழையிலேருந்து சார்” என்றான். அவன் வீட்டு வாசலில் இருந்து பார்த்தாலே தாமிரபரணித் தண்ணீர் வரும் கன்னடியன் கால்வாய் தெரியும்.

அது விருந்து இலை. அவியல் ஒரு மூலை, பச்சடி ஒரு மூலை, எதுவும் எதையும் தொடவில்லை. நாம் செய்ய வேண்டியது நம் ஊர்க் கூட்டாஞ்சோறு. அரிசியும் பருப்பும் காயும் கீரையும் ஒரே பானையில் வேகும். ஆனாலும் முருங்கைக்காய் முருங்கைக்காயாகவே பல்லில் படும். பாடம் கரைந்து போய்விட்டால் அது இணைப்பு இல்லை, குழைந்துவிட்டது என்று அர்த்தம். சேர்ந்து நடத்திய வகுப்பிலிருந்து உங்கள் கணக்கை உருவி எடுத்துவிட்டால் அந்த வேலை நின்றுபோக வேண்டும். நிற்காது என்றால் உங்களை அலங்காரத்துக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், போகாதீர்கள். நான் கைக்கொண்ட ஒரே அளவுகோல் இதுதான்.

ஆகவே தலைப்பிலிருந்து தொடங்கக் கூடாது. ‘தண்ணீர்’, ‘மரம்’, ‘சுற்றுச்சூழல்’ எல்லாம் தலைப்புகள், அவற்றின் கீழ் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒரு பாடத்தால் மட்டும் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கேள்வி உங்களுக்கே விடை தெரியாததாக இருந்தால் இன்னும் நல்லது.

எங்களுக்கு அப்படிக் கிடைத்தது ஒரு சண்டையில். கன்னடியன் கால்வாய் பற்றி இந்தப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்த கன்னடியர் ஒருவர் தன் பொருளை நல்ல காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று அகத்தியரிடம் வழி கேட்டாராம். ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போ, அது நடந்த வழியில் கால்வாய் வெட்டு, நின்ற இடத்தில் மடை வை, படுத்த இடத்தில் குளம் தோண்டு என்றாராம் முனிவர். கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எங்கள் தமிழய்யா இதை ஏழாம் வகுப்பில் அனுபவித்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த பாடவேளை எனக்கு. ஒரு பெண் எழுந்து, “மாடு போன வழியில தண்ணி எப்படி சார் போகும்?” என்று கேட்டாள். நான், “அது சும்மா கதைம்மா, தண்ணி சரிவிலதான் ஓடும்” என்று முடித்துவிட்டேன்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் தமிழய்யா பிடித்துக்கொண்டார். “என்னவே சயின்ஸ் சாரே, சும்மா கதைன்னீராமே. மாடு மேடேறிப் போவுமா, வாட்டத்தோட போவுமா? நீர் மாடு மேச்சிருக்கீரா?” நான் மேய்த்ததில்லை. அவர் மேய்த்திருக்கிறார். மலைச்சரிவில் மேயும் மாடு நேராக மேலே ஏறாது, சரிவைச் சுற்றிச் சுற்றித்தான் போகும் என்றார். பொதிகை அடிவாரத்தில் சரிவுகளைப் பார்த்தால் குறுக்கே வரி வரியாய்த் தடம் தெரியும், அதெல்லாம் கால்நடைகள் நடந்து போட்டவை. அந்தத் தடங்கள் ஏறத்தாழ சம உயரக் கோடுகள். கால்வாய் வெட்டுகிறவனுக்கும் அதேதான் வேண்டும்: உயரத்தை வீணாக்காமல், மெல்ல மெல்ல இறங்கி, முடிந்தவரை தூரம் போகிற ஒரு வழி. கதை ஒரு கண்டுபிடிப்பைச் சுமந்துகொண்டு வந்திருக்கலாம். சுமக்காமலும் இருக்கலாம். எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அதுதான் கேள்வி: மாடு நடந்த வழியில் தண்ணீர் ஓடுமா?

இதற்குத் தமிழ் மட்டும் போதாது, அறிவியல் மட்டும் போதாது. கதையின் வடிவங்களைச் சேகரிக்க வேண்டும், சரிவை அளக்க வேண்டும், வரைபடம் வேண்டும், கணக்கு வேண்டும். முதலில் நாங்கள் இரண்டு பேர்தான். இதைக் கவனியுங்கள். ஏழு பேரைக் கூட்டாதீர்கள். ஒரே ஒருவரோடு தொடங்குங்கள், அதுவும் உங்களோடு வாதாடுகிறவராக இருந்தால் அதிர்ஷ்டம். தலையாட்டுகிறவரோடு சேர்ந்தால் சார்ட்தான் வரும்.

கணக்கு டீச்சர் மூன்றாவதாக வந்தார். கால்வாயின் சரிவை எப்படி அளப்பது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன், “எங்கப்பா கொத்தனார் சார், டியூப் லெவல் வச்சிருக்காங்க” என்றான். வீடு கட்டும்போது நான்கு மூலைக்கும் மட்டம் பார்ப்பார்களே, தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய், அதுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அவர் ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளைகளுக்கு மட்டம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். கால்வாய்க் கரையில் நூறு மீட்டர் அளந்தோம். வந்த வித்தியாசம் ஒரு விரற்கடை. பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். கணக்கு டீச்சர் மறுபடி அளக்கச் சொன்னார். இந்தத் தடவை வேறு எண் வந்தது, மூன்றாவது தடவை இன்னொன்று. எங்கள் அளவீட்டுப் பிழையே கால்வாயின் சரிவைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். பிழை என்றால் தப்பு என்று மட்டும் நினைத்திருந்த பிள்ளைகள், பிழைக்கும் ஓர் அளவு உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டார்கள். அறிவியல் பாடத்தில் நான் பத்து வருடம் கத்தியும் அது ஏறியதில்லை. அப்புறம் அதிக தூரத்துக்கு அளந்தோம், பல தடவை அளந்து சராசரி எடுத்தோம். முப்பது கிலோமீட்டருக்கும் மேல் போகிற ஒரு கால்வாயை, கண்ணுக்கே தெரியாத இந்தச் சரிவில், இந்தக் கருவிகூட இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள் என்பது அளந்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது.

வார்த்தைகளில் ஒரு வேடிக்கை நடந்தது. கணக்குப் புத்தகத்தில் அது ‘சாய்வு’. புவியியலில் ‘சரிவு’. கொத்தனார் ‘வாட்டம்’ என்றார். மூன்றும் ஒன்றா? பிள்ளைகள் மூன்றையும் வேறு வேறு என்றுதான் நினைத்திருந்தார்கள். பத்தாம் வகுப்பில் நேர்க்கோட்டின் சாய்வைக் கண்டுபிடிக்கிற பெண்ணுக்கு, குளியலறைத் தரைக்கு வாட்டம் விடுவதும் அதுதான் என்று தெரியாது. தமிழய்யா விடுவாரா? ‘கால்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். வாய்க்கால், கால்வாய், மறுகால் எல்லாவற்றிலும் கால். நடக்கிற கால், நான்கில் ஒரு பங்கான கால், பழந்தமிழில் காற்றுக்கும் கால். ஒரு பாடவேளை முழுக்க அதுதான். நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். இன்னொரு ஆசிரியரின் வகுப்பில் மாணவனாக உட்காருவது கொஞ்சம் கூச்சமான காரியம், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு ஒத்துழைப்பு என்று பேசுவதில் பொருளில்லை. உங்கள் பாடத்தில் நீங்கள் ‘திறன்’ என்று ஒன்றைச் சொல்ல, இயற்பியலில் ‘திறன்’ என்றால் முற்றிலும் வேறு. பிள்ளை இரண்டையும் ஒரே நாளில் கேட்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

மாடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மலைச்சரிவில் மாட்டுத் தடம் சம உயரத்தை ஒட்டிப் போகிறது, சரி. ஆனால் கால்வாய் போகும் இந்தச் சமவெளியில் மாடு புல்லுக்காகப் போகுமா, வாட்டத்துக்காகப் போகுமா? எங்களால் நிரூபிக்க முடியவில்லை. பிள்ளைகள் நோட்டில் அப்படியே எழுதினார்கள்: ‘கதை உண்மையா என்று தெரியவில்லை, கதை சொல்லும் முறையில் சரிவு பற்றிய அறிவு இருக்கிறது.’ தமிழய்யா இரண்டாம் பாதிக்குக் கையெழுத்துப் போட்டார், நான் முதல் பாதிக்கு.

அப்புறம் கணக்கு டீச்சர் எங்களை விட்டுவிட்டு வேகமாக முன்னே போய்விட்டார். தினமும் செய்தித்தாளில் அணை நீர்மட்டம் வருமே, அதை ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைக்கத் தொடங்கினார். பாபநாசம் 143 அடி அணை, மணிமுத்தாறு 118 அடி. ஆனால் இரண்டின் முழுக் கொள்ளளவும் ஏறத்தாழ ஐந்தரை டிஎம்சி. இருபத்தைந்து அடி உயரம் குறைந்த அணையில் எப்படி அதே அளவு தண்ணீர் நிற்கிறது? இதற்குப் பதில் கணக்கில் பாதி, புவியியலில் பாதி. ஒன்று மலை இடுக்கில் ஆழமாகத் தேக்கியது, இன்னொன்று மலையடிவாரத்தில் நீளமான கரை கட்டிப் பரத்தித் தேக்கியது. இந்த இடத்தில்தான் சமூக அறிவியல் டீச்சர் உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. பிள்ளைகள் போய் அவரிடம் வரைபடம் கேட்டிருக்கிறார்கள்.

டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. இது எவ்வளவு என்று யாருக்கும் மனதில் படாது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு டிஎம்சியை ஓர் அடி ஆழத்துக்குப் பரப்பினால் சுமார் 23,000 ஏக்கர் நிறையும். நெல்லுக்கு நடவிலிருந்து அறுப்பு வரை ஏறத்தாழ நான்கு அடித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னடியன் கால்வாய்ப் பாசனம் 12,500 ஏக்கர். அப்படியானால் ஒரு போகத்துக்கு எத்தனை டிஎம்சி? இரண்டுக்கும் கொஞ்சம் மேல் வரும். இதில் மழை எவ்வளவு கொடுக்கும்? தென்மேற்குப் பருவத்தில் வரும் கார் சாகுபடிக்கும் வடகிழக்குப் பருவத்தில் வரும் பிசானத்துக்கும் மழை ஒன்றா? தாமிரபரணி உற்பத்தியாகிற மலையில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஆனால் வயல் கிடக்கிற சமவெளிக்குப் பெரும்பாலும் வடகிழக்குதான். அதனால்தான் கார் முழுக்க ஆற்றையே நம்பி நிற்கிறது. கேள்வி பாருங்கள், எந்தப் பாடத்துக்கும் தனியாகச் சொந்தமில்லாமல் நகர்ந்துகொண்டே போகிறது.

ஒரு பாட்டி, பேரனிடம் நெல் அளக்கிற கோட்டைக் கணக்கு சொல்லி அனுப்பினார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கணக்கில் ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். “ஏன் சார் இருபது இல்ல?” என்று வகுப்பே கேட்டது. யாருக்கும் விடை தெரியவில்லை, ஆளுக்கொரு காரணம் சொன்னோம். தெரியாததைத் தெரியாது என்று நான்கு ஆசிரியர்கள் ஒன்றாகச் சொன்னது அந்தப் பிள்ளைகளுக்குப் புதுசு.

இனி என் இரண்டாவது சறுக்கல். இந்த வேலை ஒரு அறிவியல் கண்காட்சிக்குப் போனது. பரிசு வந்தது. சான்றிதழில் வழிகாட்டி ஆசிரியர் என்று என் பெயர் மட்டும். படிவத்தில் ஒரு வரிதான் இருந்தது, நான் என் பெயரை எழுதினேன், அவ்வளவுதான் யோசித்தேன். சமூக அறிவியல் டீச்சர் அதற்குப் பிறகு ஒரு வருடம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய ஆறு பாடவேளைகளை நான் வாங்கியிருக்கிறேன், வரைபட வேலை முழுக்க அவருடையது. தப்பு என்னுடையதுதான். மறுவருடம் அதே படிவத்தில் அந்த ஒரு வரிக்குள் நான்கு பெயரை நெருக்கி எழுதினேன், அப்புறம்தான் சரியானது. ஒத்துழைப்பு எங்கே உடைகிறது என்று கேட்டால் கல்விக் கொள்கையை எல்லாம் சொல்ல வேண்டாம். இந்த மாதிரி ஒரு வரியில்தான் உடையும். யார் பெயர் வரும், யார் பாடவேளை போகும், யார் ரிசல்ட் குறைந்தால் யார் திட்டு வாங்குவார்: இதை முதல் நாளே பேசிவிடுங்கள். பேசக் கூச்சமாகத்தான் இருக்கும்.

போர்ஷன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பைத் தொடாதீர்கள். எட்டு, ஒன்பது போதும். வருடத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும், அதுவும் காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில். பின்லாந்தின் கல்வியைப் பற்றி எல்லோரும் வானளாவப் பேசுகிறார்கள். அங்கே 2016இல் நடைமுறைக்கு வந்த கலைத்திட்டம் கேட்பதுகூட வருடத்துக்குக் குறைந்தது ஒரு பல்துறைக் கற்றல் தொகுதிதான். மற்ற நாளெல்லாம் அங்கேயும் கணக்கு கணக்காகவும் வரலாறு வரலாறாகவும் நடக்கிறது. ஜூன் மாதம் கால அட்டவணை போடுகிறவர் யார் என்று பார்த்து, உங்கள் பாடவேளையும் தமிழய்யாவின் பாடவேளையும் வாரத்தில் ஒரு நாள் அடுத்தடுத்து வருகிற மாதிரி கேட்டு வாங்குங்கள். இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பெரிய ரகசியம். சேர்ந்தாற்போல் இரண்டு பாடவேளை கிடைத்தால் குளத்துக்குப் போய்விட்டு வந்துவிடலாம், எந்த அனுமதிக் கடிதமும் இல்லாமல் பள்ளித் திடலிலேயே நிழலை அளக்கலாம். பாடக்குறிப்பை இரண்டு பேரும் தனித்தனியாக, அவரவர் பாடத்தின் கற்றல் விளைவுக்கே எழுதுங்கள். சேர்த்து எழுதினால் பார்வையிட வருகிறவருக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம். பிள்ளைக்கு நோட்டு மட்டும் ஒன்று. ஒரே பக்கத்தில் நான் அளவீட்டைத் திருத்துவேன், தமிழய்யா ஒற்றுப்பிழையைத் திருத்துவார். ‘கால்வாய்கரை’ என்று எழுதியதற்கு அறிவியல் நோட்டில் சிவப்பு மை விழும் என்று பிள்ளைகள் எதிர்பார்க்கவே இல்லை.

புதுசாக ஏதோ திணிக்கிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். 1937இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது சொன்னதும் ஏறத்தாழ இதுதான். ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதிலிருந்து கிளைக்க விடுவது. அது ஏன் நிலைக்கவில்லை என்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். எல்லாப் பாடத்தையும் நூல் நூற்கிற தக்ளியிலேயே கட்டிப்போட முயன்றதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சில பாடம் தனியாகத்தான் நடக்கும். வர்க்கச் சமன்பாட்டைக் குளக்கரைக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நான் சொன்னதெல்லாம் ஆற்றுப்பாசன ஊர்க் கதை. உங்கள் வள்ளியூர்ப் பக்கத்துக்குத் தாமிரபரணி இல்லை, காற்று இருக்கிறது. பணகுடியிலிருந்து ராதாபுரம் வரை காற்றாலை. ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பதைத் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்கு, காற்றாலைக்குக் கிடைக்கும் திறன் எட்டு மடங்கு. வர்க்கமும் கனமும் கண்முன் சுழல்கிறது. ஆடியில் ஓடுகிற காற்றாலை கார்த்திகையில் ஏன் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கணவாய், பருவக்காற்று, பழமொழி, கனம் எல்லாம் வந்து நிற்கும். அந்த நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவருக்கு என்ன வருமானம் என்ற கேள்வியையும் பிள்ளைகள் கேட்பார்கள், தடுக்காதீர்கள்.

கொஞ்சம் வடக்கே வந்தால் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். ஆயிரக்கணக்கான பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஒரு பகுதியை எண்ணி மொத்தத்தை மதிப்பிடுவது முழுக்க உங்கள் பாடம். ஓர் ஊர் ஏன் வெடியை விட்டுக்கொடுக்கிறது என்பது சமூக அறிவியல். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் அந்த எண்ணிக்கைக்கே ஓர் அர்த்தம் வரும்.

சிவகளையும் எட்டாத தூரம் இல்லை. அங்கே ஒரு முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தோண்டியவர் தொல்லியலாளர், அது நெல்தான் என்று சொல்லத் தாவரவியல் வேண்டும், வயதைச் சொன்னது கதிரியக்கக் கார்பன். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. சுமார் 3,200 ஆண்டுக்குப் பிறகு அந்த நெல்லில் ஆரம்பத்தில் இருந்த கார்பன்-14இல் எவ்வளவு மிஞ்சும்? மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். பத்தாம் வகுப்பு அணுக்கரு இயற்பியலில் ஐசோடோப்பு நடத்தும்போது நான் இந்த நெல்லைத்தான் சொல்வேன். தொல்லியலே பல பாடக்காரர்கள் சேராமல் நடக்காத துறை, அதனால் ஸ்டாஃப் ரூமில் சிரிக்கிறவர்களுக்கு இதை உதாரணமாகச் சொல்லலாம்.

இன்னொரு வகை ஒத்துழைப்பு உண்டு. கண்காட்சிக்குப் போகாது, போட்டோ வராது. ஆனால் உங்கள் தொழிலில் அதிகம் பயன்படுவது அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு பாடத்தைச் சுற்றி அல்ல, ஒரு பிள்ளையைச் சுற்றிச் சேர்வது.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் பூஜ்யம், ஒற்றை இலக்கம் இப்படியே வாங்குவான். ‘மண்டையில ஏறாது’ என்று முடிவாகிவிட்டது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் தமிழய்யா யதார்த்தமாக, “அவன் வாசிக்கவே மாட்டானேவே, எழுத்துக் கூட்டுறதுக்குள்ள பீரியடு முடிஞ்சிரும்” என்றார். கணக்கு டீச்சர் சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் அதே கணக்கை வாயால் சொன்னார்: உங்க அம்மா சந்தைக்குப் போறாங்க, கிலோ நாற்பது ரூபாய்க்குக் கத்தரிக்காய், ஒண்ணே கால் கிலோ... பையன் கண்ணை மூடித் திறப்பதற்குள் சொன்னான். அவனுக்குக் கணக்கு வந்தது, கணக்கை எழுதியிருந்த தமிழ்தான் வரவில்லை. இரண்டு வருடம் இரண்டு பேரும் அவனைத் தனித்தனியாகத் திட்டியிருக்கிறார்கள், இருவரிடமும் பாதிப் பாதி உண்மை இருந்திருக்கிறது.

பிறகு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரை அழைத்தோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர் எல்லாம் இருக்கிறார்கள். நாம் அவர்களைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வருகிறவர்களாகவே பார்க்கிறோம். அவர் வந்து அரை மணி நேரம் பையனோடு உட்கார்ந்துவிட்டு எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: “இவன் எந்த எழுத்துல நிக்கறான்னு யாராவது எழுதி வச்சிருக்கீங்களா?” யாரும் எழுதவில்லை. அன்றிலிருந்து எழுதினோம். வினாத்தாளை வாசித்துக் காட்டச் செய்தோம். அவன் நூறு வாங்கினான் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தேறினான், பள்ளியை விட்டு நிற்கவில்லை.

இதற்கு எந்தத் திட்டமும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, ‘உங்க வகுப்புல இவன் எப்படி?’ என்று கேட்டால் போதும். பி.டி. சாரை மறந்துவிடாதீர்கள். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்று பள்ளியில் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

கடைசியாக, உங்கள் ஆங்கில ஆசிரியர். அவரை விட்டுவிடுங்கள். வற்புறுத்திச் சேர்த்தால் பத்து வரிக் கட்டுரைதான் வரும். எங்கள் பள்ளியிலும் ஆங்கில டீச்சர் இரண்டு வருடம் வரவில்லை. அவர் தரப்பில் நியாயமும் இருந்தது. அவர் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது, அவருக்கு அந்தக் கவலை. மூன்றாம் வருடம் கால்வாய் பற்றிப் பழைய குறிப்பு தேடப் போய், பேட் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதி 1917இல் வந்த திருநெல்வேலி கெசட்டியரின் சில பக்கங்கள் நகலாகக் கிடைத்தன. எனக்கு அந்த ஆங்கிலம் புரியவில்லை, ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போகிறது. வெட்கத்தை விட்டு டீச்சரிடம் கொண்டுபோய், “இந்த ஒரு பத்தியை மட்டும் என்னன்னு சொல்லுங்க” என்றேன். அவர் வாங்கி, பையில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் காலை பிரேயர் முடிந்ததும் வந்து, அணைக்கட்டுகளின் பெயர்களை அவன் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிற விதத்தைப் பாருங்கள் சார் என்று காட்டிச் சிரித்தார். “அடுத்த பக்கம் எங்க?” என்று கேட்டார். மீதி நகல் என்னிடம் இல்லை. அந்தச் சனிக்கிழமை அதைத் தேடிப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறியது அவர்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.